ஏடும் தோலும்: மாத்தளையில் சிறுவர் நீதிநூல்களின் வரலாறு – ஒரு நோக்கு

சிறுவர்க்கு நல்லொழுக்கம் புகட்டும் நூல்களைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அவை எவ்வறத்தைக் கூறுகின்றன என்பதையே ஆராய்ந்துள்ளனர். அந்நூல்கள் எப்பொருளில் எழுதப்பட்டன, எவ்வாறு கட்டப்பட்டன, எவர் வீட்டிலே பேணப்பட்டன, எவர் கைக்கு எட்டாது போயின என்னும் வினாக்கள் அத்துணை கவனத்தைப் பெறவில்லை. தோலினாற் கட்டப்பட்ட பழைய நீதிநூலொன்றைக் கையிலெடுப்பவர் அதன் பழைமையையும் அட்டையின் அழகையும் வியப்பர். ஆயின் அந்த அட்டையும் ஒரு வரலாற்றுச் சான்றேயாகும். ஓலைச்சுவடிக்கு மரச்சட்டம், அச்சுநூலுக்குத் தோற்கட்டு, மலிவுப் பிரசுரத்துக்கு மெல்லிய தாளுறை என நூலின் புறவடிவம் மாறியபோதெல்லாம் அதனைத் தொடத்தக்க பிள்ளையும் மாறியிருக்கின்றது.

இம்மாற்றத்தை நோக்குதற்கு மாத்தளை மாவட்டம் ஏற்றதொரு களமாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கு வடதிசை வாயிலாக அமைந்த இப்பிரதேசத்திற் பௌத்த ஏட்டு மரபும், தமிழ் நீதிநூல் மரபும், ஐரோப்பியர் கொணர்ந்த அச்சு மரபும் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் பிள்ளைக்கு எதைச் சொல்லிற்று என்பதோடு, எந்தப் பிள்ளைக்குச் சொல்லிற்று என்பதையும் வினாவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளுவிகாரையும் இராகுலனும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், பெரும்பாறைகளின் இடையே அமைந்த குகைகளைக் கொண்டது அளுவிகாரை. அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்டுவந்த திரிபிடகம், கி. மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபய மன்னன் காலத்தில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இங்கேயே என்பது மரபு. மகாவம்சம் எழுதப்பட்ட செய்தியைக் கூறுகின்றதேயன்றி இடத்தைக் குறிப்பிடவில்லை. அந்நிகழ்ச்சியை மாத்தளையோடு இணைப்பன பிற்கால நூல்களே. போரும் கொடும் பஞ்சமும் பிக்குகளின் தொகையைக் குறைத்தன. மனனஞ் செய்தோர் மாண்டாற் போதனையும் மாண்டுபோகும் என்ற அச்சமே எழுத்துக்கு வழிவகுத்தது.

அவ்வாறு ஏட்டிலேறிய மாபெருந் தொகுதியில், சிறுவன் ஒருவனுக்கு நேரே கூறப்பட்ட நீதியுரையொன்று இருப்பது மனங்கொள்ளத்தக்கது. மச்சிம நிகாயத்திலுள்ள அம்பலட்டிக ராகுலோவாத சுத்தம் என்பது அது. புத்தர் தம் மைந்தன் இராகுலனுக்குப் பொய்யுரையாமை பற்றிக் கூறிய அறிவுரை அதிற் காணப்படுகின்றது. இராகுலனுக்கு அப்போது வயது 7 என உரைமரபு கூறும். புத்தர் கால் கழுவிய பாத்திரத்திற் சிறிதளவு நீரை விட்டுவைத்து அதனைக் காட்டுகின்றார். பின்னர் அந்நீரையும் கொட்டுகின்றார். ஈற்றிற் பாத்திரத்தையே கவிழ்க்கின்றார். பொய் கூற நாணாதவனின் துறவு வாழ்வு எந்நிலைக்கு வரும் என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காண்கின்றான். அடுத்து, கண்ணாடி எதற்கு உதவுவது என்று வினாவி, முகத்தைக் கண்ணாடியிற் பார்ப்பதுபோல ஒரு செயலைச் செய்யுமுன்னும் செய்யும்போதும் செய்தபின்னும் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று கற்பிக்கின்றார். அச்சுறுத்தலின்றி, வீட்டுப் பொருளொன்றைக் கொண்டே பிள்ளையைச் சிந்திக்கச் செய்யும் இம்முறை இக்காலக் கல்வியியலாளரும் ஏற்கத்தக்கதாகும். கி. மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகனின் பைராத் கல்வெட்டு, பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்கவேண்டியனவாகக் குறிப்பிடும் சில பகுதிகளில் இராகுலனுக்குப் பொய்மை குறித்துக் கூறப்பட்ட அறிவுரையும் ஒன்றாகும். எனவே மரபை ஏற்போமாயின், பழைமை மிக்க சிறுவர் நீதியுரையொன்று முதன்முதலாக நூலுருப் பெற்ற இடம் மாத்தளை எனலாம்.

அதே ஏட்டுத் தொகுதியில் தீக நிகாயத்தைச் சேர்ந்த சிகாலோவாத சுத்தமும் அடங்கும். இது சிகாலன் என்னும் இல்லறத்து இளைஞனுக்குக் கூறப்பட்டது. பெற்றோர், ஆசிரியர், மனைவி, நண்பர், ஏவலாளர், துறவியர் ஆகியோர்பால் ஒருவனுக்குள்ள கடமைகளை இது வகுத்துரைக்கின்றது. ஏவலாளரைப் பொறுத்தவரை, தலைவன் அவரவர் வலிமைக்கேற்ப வேலை கொடுத்தல் வேண்டும். உணவும் ஊதியமும் தரல் வேண்டும். நோயிற் பேணல் வேண்டும். அருஞ்சுவை உணவைப் பகிர்ந்தளித்தல் வேண்டும். உரிய வேளையில் ஓய்வு வழங்கல் வேண்டும். மாத்தளையிற் கூலித் தொழிலாளர் வாழ்ந்த வாழ்வை ஆராயும்போது இவ்வைந்து கடமைகளையும் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இந்நூல்கள் எழுதப்பட்ட பொருள் தாளிப்பனையின் குருத்தோலையாகும். ஓலையை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியாற் கீறி, கரியும் எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைக்க எழுத்துகள் கருமையாகத் தெரியும். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டப்பெற்ற இவ்வேடுகள் விகாரைகளிற் பேணப்பட்டன. அவற்றை வாசித்தவர் பிக்கு. ஊர்ப் பிள்ளை கேட்டறிந்தது.

செவிவழி வந்த நூல்

தமிழ்ச் சமூகத்தில் இப்பணியை ஆற்றியவை ஔவையார் பெயரால் வழங்கும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவையும், உலகநாதரின் உலகநீதி, அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை முதலியவையுமாகும். திண்ணைப் பள்ளியிற் பிள்ளை மணலில் எழுத்தெழுதிப் பழகிய நாள் தொட்டே இவை மனனஞ் செய்விக்கப்பட்டன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நெடுங்கணக்கின் ஒழுங்கில் அமைந்தமை தற்செயலன்று. ஓரெழுத்தைக் கற்கும் பிள்ளை அவ்வெழுத்தில் தொடங்கும் நீதியையும் உடன் கற்றது. எழுத்து வரிசையே நினைவுக்கு ஏணியாக அமைந்தமையால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிச் சுவடி வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரிடமோ சட்டாம்பிள்ளையிடமோ ஒரு சுவடி இருந்தாற் போதும்; ஏனையோர்க்கு அது செவிவழியே சென்றது.

இம்முறையின் பயனை ஐரோப்பியரும் விரைவில் உணர்ந்தனர். தரங்கம்பாடிக்கு 1706ஆம் ஆண்டில் வந்த சீகன்பால்கு பாதிரியார், பள்ளிப் பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். அவர் 1708ஆம் ஆண்டளவிலேயே கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். தமிழரின் சமயத்தை மறுக்க வந்த ஒருவர் தமிழ்ப் பிள்ளைகளின் நீதிநூல்களைத் தம் நாட்டவர்க்கு அறிமுகஞ் செய்ய விழைந்தமை அந்நூல்களின் தகுதிக்குச் சான்றாகும்.

எனினும் இம்மரபின் எல்லையையும் கூறுதல் கடன். செவிவழி செல்லும் நூலாயினும் செவி பள்ளித் திண்ணைக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் அத்திண்ணையில் ஏற அனுமதிக்கப்படவில்லை. இரந்துண்டேனும் கற்றல் நன்று என்னும் கருத்து வெற்றிவேற்கையில் உண்டு. ஆயின் தமிழ்நாட்டுக் கிராமத்தின் புறச்சேரிப் பிள்ளைக்கு இரந்தும் கல்வி கிடைக்கவில்லை. பிற்காலத்தில் மாத்தளை மலைகளுக்கு வந்து சேர்ந்தோரிற் பெரும்பகுதியினர் இப்பிள்ளைகளின் வழிவந்தோரேயாவர்.

1848ஆம் ஆண்டு

ஈழத்து நூல் வரலாற்றில் 1848ஆம் ஆண்டு சிறப்பாக நோக்கத்தக்கது. 1815ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபின், 1830களிலும் 1840களிலும் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் துப்பாக்கி, நாய் முதலியவற்றின்மீது வரி விதிக்கப்பட்டது. வீதி வேலைக்கு உடலுழைப்போ பணமோ தரவேண்டும் என்ற சட்டமும் வந்தது. 1848ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியிற் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூட்டப்பட்டார். புரன் அப்பு முதலியோர் தலைமையில் திரண்ட மக்கள் மாத்தளையைத் தாக்கினர். கிளர்ச்சி சில நாட்களிலேயே அடக்கப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்ட் மாதம் 8ஆம் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். இக்கிளர்ச்சியின்போது அளுவிகாரையின் ஏட்டுத் தொகுதி அழிந்தது. அழிந்தவை கி. மு. முதலாம் நூற்றாண்டின் ஏடுகள் அல்ல. ஓலை அத்துணைக் காலம் நில்லாது. தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு வந்த ஏடுகளே அழிந்தன. ஆயினும் படியெடுக்கும் தொடர்ச்சியே ஏட்டு மரபின் உயிராதலின் இழப்புச் சிறிதன்று. இருபதாம் நூற்றாண்டில் அத்தொகுதியை மீண்டும் ஏட்டில் எழுதும் பணி அங்கு மேற்கொள்ளப்பட்டது.

அதே 1848ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். மாத்தளையில் ஓர் ஏட்டுத் தொகுதி மறைந்த ஆண்டிலேயே வடக்கில் ஓர் அச்சுநூல் மரபுக்கு வித்திடப்பட்டது. அமெரிக்க மிஷனரிமார் 1834ஆம் ஆண்டில் மானிப்பாயில் அச்சகம் நிறுவிப் பாடநூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் பரப்பிவந்தனர். அவர்களது கருவியையே நாவலர் சைவத்துக்குப் பயன்படுத்தினார். 1849ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் பெற்றுவந்த அவர், அடுத்த ஆண்டு தொட்டுப் பாலபாடங்களை வெளியிடலானார். நான்காம் பாலபாடத்திற் கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு, பொய், அழுக்காறு, செய்ந்நன்றியறிதல் முதலியன தனித்தனித் தலைப்புகளில் எளிய உரைநடையில் விளக்கப்பட்டன. செய்யுளை மனனஞ் செய்து பொருளைப் பின்னர் அறிந்த பிள்ளை, இப்பொழுது நீதியை வாக்கியமாக வாசித்து உடனே பொருளுணர்ந்தது. தமிழ் உரைநடை வரலாற்றிலும் சிறுவர் கல்வி வரலாற்றிலும் இது பெருந்திருப்பமாகும்.

நாவலரின் கல்விப் பணி சாதியாசாரத்தின் வரம்பைத் தாண்டவில்லை என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அக்குறையை மறைத்தல் வரலாற்றுக்கு நீதியாகாது. அதேபோல், நூலைப் பலர்க்குப் பொதுவாக்கும் கருவியை அவர் தமிழ்ப் பள்ளிக்குக் கொணர்ந்தார் என்பதை மறுத்தலும் நீதியாகாது.

தோல் வந்த வழி

நூலைத் தோலாற் கட்டும் வழக்கம் ஓலைச்சுவடி மரபுக்கு உரியதன்று. இஸ்லாமிய உலகில் அதற்கு நெடிய வரலாறுண்டு. தோலுறையிட்ட திருக்குர்ஆனும் கிதாபுகளும், அறபெழுத்திலே தமிழை எழுதும் அறபுத்தமிழ் நூல்களும் ஈழத்து முஸ்லிம்களிடையே வழங்கின. மாத்தளைப் பகுதியிலும் முஸ்லிம் குடியிருப்புகள் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளன. ஏனையோர்க்குத் தோற்கட்டு ஐரோப்பியர் வழியே வந்தது. ஒல்லாந்தர் கொழும்பில் நிறுவிய அச்சகத்தில் 1737ஆம் ஆண்டில் முதற் சிங்கள அச்சுநூல் வெளிவந்தது. அங்கே தமிழ் நூல்களும் தொடர்ந்து அச்சாயின. வேதாகமம், செபநூல் முதலியன தோற்கட்டுடன் விளங்கின.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நீதிநூல்கள் பெரும்பாலும் மெல்லிய தாளுறையோடு சிறு புத்தகங்களாகவே விற்கப்பட்டன. வசதியுடையோர் அவற்றிற் பலவற்றை ஒன்றுசேர்த்து, முதுகுக்குத் தோல் வைத்து ஒரே நூலாகக் கட்டுவித்துக்கொண்டனர். ஆகவே தமிழ் வீடொன்றில் தோற்கட்டுடன் கூடிய நீதிநூல் இருந்ததெனின், அது நூலின் இயல்பைக் காட்டிலும் வீட்டின் நிலையையே பெரிதும் உணர்த்தும்.

இத்தோல் எங்கிருந்து வந்தது என்ற வினா நம்மை மீண்டும் தமிழ்நாட்டுக்கு அழைத்துச் செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சென்னை மாகாணத்திலிருந்து பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பெருந்தொகையில் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடப்பட்டது. இங்கிலாந்தில் இத்தோல்கள் புத்தகக் கட்டுக்கும் பயன்பட்டன. சில பத்தாண்டுகளில் அக்கட்டுகள் செந்தூளாக உதிரத் தொடங்கியமையால், இலண்டனிலுள்ள கலைச் சங்கம் குழுவொன்றை அமைத்து ஆராய்ந்தது. 1901ஆம் ஆண்டிலும் 1905ஆம் ஆண்டிலும் வெளியான அக்குழுவின் அறிக்கைகள், ஆவாரம்பட்டை போன்றவற்றாற் பதனிட்ட இந்தியத் தோல் நூற்கட்டுக்கு ஏற்றதன்று என்றன. பட்டையிலுள்ள துவர்ப்பொருளின் தன்மையும், விளக்கு வாயுவின் புகையும், காற்றிலுள்ள அமிலமும் அதன் சிதைவுக்குக் காரணங்களாக அறியப்பட்டன. அக்காலத் தோற்கட்டு நூலைத் தொடுவோர் கையிற் செந்தூள் ஒட்டுவதன் காரணம் இதுவே.

தோல் வேலை தமிழ்ச் சமூகத்தில் இழிந்ததென ஒதுக்கப்பட்ட தொழிலாகும். அத்தொழிலைச் செய்தோர் கோயிலுக்கும் பள்ளித் திண்ணைக்கும் வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்கள் உரித்துப் பதனிட்ட தோல் நீதிநூலுக்கு மேலாடையாகி மேன்மக்களின் கூடத்தில் மதிப்புப் பெற்றது. அவர்களின் பிள்ளைகளோ அந்நூலைத் திறக்க இயலாதவராயினர். கப்பல் ஏறிய தோலும் கடல் கடந்த கூலிகளும் பெரும்பாலும் ஒரே மாவட்டங்களிலிருந்து சென்றவை என்பதையும் இங்கு இணைத்து நோக்குதல் வேண்டும்.

லயத்துப் பிள்ளை

திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னாரிற் கரையேறினர். அங்கிருந்து காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். வடபாதை என வழங்கிய அவ்வழி அளுவிகாரைக்கு அருகாகவே சென்றது. வலிமைக்கேற்ற வேலையும் நோயிற் பேணலும் தலைவனின் கடன் என்று கூறிய ஏடு எழுதப்பட்ட குகைகளைக் கடந்தே அம்மனிதர் சென்றனர். அந்த ஏட்டை அவர்களை அமர்த்திய துரைமார் அறியார், அம்மக்களும் அறியார். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கெனச் சட்டம் வந்தது 1872ஆம் ஆண்டிலேதான்.

கோப்பிக் காலத்திற் பெரும்பாலும் ஆண்களே பருவகாலத்துக்கு வந்து திரும்பினர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் எழுந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டியிருந்தன. பெண்களும் பிள்ளைகளும் குடும்பத்தோடு லயங்களிற் குடியேறினர். றத்தோட்டை, எல்கடுவ, உக்குவளை முதலிய பகுதிகளிற் தேயிலையோடு றப்பரும் கொக்கோவும் பயிராயின. இவ்வாறு மாத்தளையில் நிலையான ஒரு தமிழ்ப் பிள்ளைச் சமூகம் தோன்றியதற்குக் காரணம் உற்பத்தி முறையில் நேர்ந்த மாற்றமேயாகும். அப்பிள்ளைகளைத் தோட்டம் முதலிற் கண்டது மாணவராக அன்று, தொழிலாளராகவேயாகும். 1927ஆம் ஆண்டின் சட்டத்தையொட்டி நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி ஆண், பெண், பிள்ளை என மூன்று வீதங்களைக் கொண்டிருந்தது. பிள்ளை உழைப்பைத் தடுக்க வேண்டிய சட்டமே அதற்கு விலை குறித்தது.

இப்பிள்ளைகளுக்கு முதலில் நூலைக் கொணர்ந்தோர் கிறித்தவ மிஷனரிமாராவர். 1850களின் நடுப்பகுதியிற் கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன், தமிழ் உபதேசிமாரைத் தோட்டங்களுக்கு அனுப்பியது. தோட்டத்துரைமார் இம்முயற்சிக்குப் பணம் உதவினர். கீழ்ப்படிவும் நாணயமும் குடியாமையும் போதிக்கப்படுவது தோட்டத்துக்கும் நன்மை பயக்கும் என அவர்கள் கருதியதில் வியப்பில்லை. ஆயின் கீழ்ப்படிவைக் கற்பிக்க வந்த புத்தகம் எழுத்தையும் உடன் கற்பித்தது. எழுத்தறிந்தவன் கடன் சீட்டையும் கணக்கப்பிள்ளையின் பேரேட்டையும் வாசிக்கத் தொடங்குவான். நீதிநூலின் இவ்விரட்டைத் தன்மையைக் காணாது அதனை அடிமைத்தனத்தின் கருவி என்றோ விடுதலையின் கருவி என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுதல் பொருந்தாது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதனை வலியுறுத்தியது. நடைமுறையில் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், சில வகுப்புகள் என்ற அளவிலேயே தோட்டப் பள்ளி நின்றது. ஆசிரியரிற் சிலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் சிலர் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தனர். அவர்களோடு ஆத்திசூடியும் பாலபாட மரபும் வந்தன. கற்பலகையில் எழுதிய பிள்ளை காலையிற் பள்ளிக்கும் பின்னர் மலைக்கும் சென்றது. மூத்த பெண்பிள்ளை பெரும்பாலும் பள்ளிக்கே செல்லவில்லை. தாய் கொழுந்தெடுக்கச் செல்ல, தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பு அவளுடையதாயிற்று. பெற்றோரைப் பேணுக, உடன்பிறந்தாரைக் காக்க என்று நீதிநூல் கூறும் அறங்களை அந்நூலைக் காணாமலே அவள் நிறைவேற்றினாள்.

நூல் எட்டாதவிடத்து நீதி எவ்வாறு சென்றது என்பதையும் கூறவேண்டும். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் லயத்து முற்றத்தில் இரவிரவாக நிகழ்ந்தன. எழுத்தறிந்த ஒருவர் நல்லதங்காள் கதையையோ விக்கிரமாதித்தன் கதையையோ பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கொண்டு உரக்க வாசிக்க, சுற்றியிருந்தோர் கேட்டனர். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் பழைய திண்ணை முறையே இங்கும் தொடர்ந்தது. ஆயின் இம்முறை, திண்ணையிலிருந்து விலக்கப்பட்டோரே கேட்போராயினர்.

நூலுக்கு வெளியே நின்றோரின் நூல்

1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நாட்டில் நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் தனி வகையாகவே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றோராக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பள்ளிகள் மீண்டும் விடுபட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரம் குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அக்குடும்பங்களோடு தகரப் பெட்டிகளிலிருந்த புத்தகங்களும் சென்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977ஆம் ஆண்டு தொட்டே தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. சட்டம் 1907ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்ட பொறுப்பு அரசின் கைக்கு வர 70 ஆண்டுகள் சென்றன.

இத்தகைய வரலாற்றைக் கொண்ட பிரதேசத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்தாளர் பலர் தோன்றியமை பெருமைக்குரியது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் ஆகிய மூவரின் சிறுகதைகள் ‘தோட்டக் காட்டினிலே’ என்னும் தொகுதியாக 1980ஆம் ஆண்டில் வெளிவந்தன. அறிவுரை கேட்பவராக மட்டும் கருதப்பட்ட மக்கள், தம் வாழ்வின் நீதியையும் அநீதியையும் தாமே எடுத்துரைக்கத் தொடங்கியதன் அடையாளங்களுள் அதுவும் ஒன்றாகும். நீதிநூல் வரலாற்றில் இதனைச் சேர்க்காதுவிடின் அவ்வரலாறு முற்றுப்பெறாது.

பொய் கூறாதே என்று இராகுலனுக்குக் கூறிய ஏடு ஒரு விகாரையிற் பேணப்பட்டது. எழுத்தையும் அறத்தையும் ஒருங்கே ஊட்டிய ஆத்திசூடி ஒரு திண்ணையில் ஒலித்தது. பாலபாடம் அச்சேறிப் பள்ளிக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் நூல் கூறிய அறம் பெரிதும் மாறவில்லை. வாய்மை, நன்றி, கல்வி, ஈகை என்பனவே மீண்டும் மீண்டும் கூறப்பட்டன. மாறியது அதனைக் கேட்க உரிமை பெற்றோரின் வட்டமே. அவ்வட்டம் தானாக விரியவில்லை. அச்சியந்திரமும் சட்டமும், அவற்றினும் மேலாக உழைப்போரின் விழிப்புமே அதனை விரித்தன.

மலையகத்து வீடுகளிலும் கோயில்களிலும் பழைய பள்ளிகளிலும் எஞ்சியுள்ள சிறு நீதிநூல்கள், கற்பலகைகள், கையெழுத்துப் பிரதிகள் ஆகியன கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகுமுன் திரட்டப்பட வேண்டும். தோற்கட்டு நூல்கள் நூலகங்களில் இடம்பெறுகின்றன. தாளுறை கிழிந்த இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை எவரும் பேணுவதில்லை. ஆயின் ஒரு குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த பிள்ளையின் கைபட்டது அப்புத்தகமே. தோலைப் பதனிட்டவர், கொழுந்து பறித்தவர், தம்பியைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலில் நின்று கேட்டவள் ஆகியோரையும் உள்ளடக்கி எழுதப்படும்போதுதான் மாத்தளையின் நீதிநூல் வரலாறு நீதியான வரலாறாகும்.